வார்டில் ஒரு புது வழக்கத்தைக் கொண்டுவருவது எப்படி: சிஸ்டர்களுக்காக

மருத்துவமனைக்குப் புதிதாக ஒன்று வருகிறதென்றால் பெரும்பாலும் அது சுற்றறிக்கையாகத்தான் வரும். மேலிடத்துத் தாள் ஒன்று, அதைப் படித்துவிட்டோம் என்று எல்லா ஸ்டாஃப் நர்ஸும் போடும் கையெழுத்து, சுவரில் ஒரு போஸ்டர், கூடவே ஒரு புது ரிஜிஸ்டர். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் போஸ்டர் இருக்கும், ரிஜிஸ்டரில் தினமும் டிக் விழுந்துகொண்டிருக்கும், படுக்கையில் இருப்பவருக்கு நடப்பது மட்டும் பழையபடிதான் இருக்கும். இதற்கு சிஸ்டர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. இந்த மாற்றத்தால் யாருக்கு வேலை கூடும், யாருடைய பிடி தளரும், யார் வீட்டுக்குப் போக நேரமாகும் என்று ஒருவரும் கேட்காமல் தாளை அனுப்பியிருப்பார்கள். இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்துகொண்டு தொடங்கினால் வார்டில் நிறைய மாற்றலாம். தெரியாமல் தொடங்கினால் எவ்வளவு நல்ல யோசனையும் நாலு வாரம் தாங்காது.

புதிதாக இன்சார்ஜ் (வார்டுக்குப் பொறுப்பான சிஸ்டர்) ஆனவர்களையும், இன்சார்ஜ் ஆகாமலே வார்டில் ஒன்றைச் சரிசெய்ய ஆசைப்படுகிற ஸ்டாஃப் நர்ஸ்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். பேச்சு அந்தரத்தில் போகாமல் இருக்க ஒரே ஒரு மாற்றத்தை எடுத்துக்கொள்வோம்: படுக்கையருகே ஹேண்ட் ஓவர். இப்போது பல வார்டுகளில் டூட்டி மாறும்போது ஸ்டேஷனில் உட்கார்ந்து ரிப்போர்ட் புக்கைப் படித்து "14ஆம் பெட் அப்படியேதான் இருக்கு, 15க்கு நாளைக்கு ஸ்கேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறோம். அதற்குப் பதிலாக, போகிற சிஸ்டரும் வருகிற சிஸ்டரும் படுக்கை படுக்கையாகச் சேர்ந்து நடந்து, டிரிப் ஓடுகிறதா, ஊசி போட்ட இடம் வீங்கியிருக்கிறதா, யூரின் பேகில் எவ்வளவு, டிரெயினில் (ஆபரேஷன் செய்த இடத்திலிருந்து கசிவை வெளியேற்றும் குழாயில்) என்ன நிறம், அடுத்த டோஸ் எப்போது என்று இரண்டு பேரும் கண்ணால் பார்த்து ஒப்படைப்பது. கேட்க எளிது. ஆனால் வார்டின் அதிகாரம், பழக்கம், பயம் எல்லாவற்றையும் இது தொடும்.

எதை எடுப்பது

ஒரே சமயத்தில் ஒரு மாற்றம் போதும். அதைத் தேர்ந்தெடுக்க எனக்குத் தெரிந்த நல்ல அளவுகோல் ஒன்றுதான்: செய்கிறவருக்கு அதன் பலன் அதே டூட்டிக்குள் கிடைக்க வேண்டும். படுக்கையருகே ஹேண்ட் ஓவர் எடுத்த சிஸ்டருக்கு, வெளியே வந்துவிட்ட கேனுலா (டிரிப் ஏற்ற நரம்பில் போடும் சிறு குழாய்) அரை மணி கழித்துத் தெரியாமல், முந்தைய சிஸ்டர் நிற்கும்போதே தெரிந்துவிடுகிறது. "நான் வரும்போதே இப்படித்தான் இருந்துச்சு" என்ற சண்டையும் இல்லை. இந்தப் பலனை யாரும் விளக்க வேண்டியதில்லை, ஒரு வாரத்தில் அவரே உணர்வார். பலன் முழுவதும் இன்ஸ்பெக்ஷன் ஃபைலுக்குப் போய்ச் சேருகிற வேலையோடு ஆரம்பித்தால், அடுத்து நீங்கள் எதைக் கொண்டுவந்தாலும் "இன்னொரு ஃபைல் வேலை" என்றுதான் பார்ப்பார்கள்.

அதிகாரம் யார் கையில்

காகிதத்தில் வரிசை தெளிவாக இருக்கும். டீன் அல்லது கண்காணிப்பாளர், ஆர்எம்ஓ (உறைவிட மருத்துவ அலுவலர்), நர்ஸிங் சூப்பரிண்டெண்ட், இன்சார்ஜ், ஸ்டாஃப் நர்ஸ். ஆனால் இரவு இரண்டு மணிக்கு ஒரு நோயாளிக்கு ஸ்ட்ரெச்சர் வேண்டும் என்றால் யாரைக் கேட்கிறோம்? அந்த அட்டெண்டரிடமோ ஆயாம்மாவிடமோ ஒரு அதிகாரம் இருக்கிறது. புதிதாக வந்த சிஸ்டர் ஒரு விஷயத்தைச் செய்யலாமா வேண்டாமா என்று தெரியாமல் நிற்கும்போது யார் முகத்தைப் பார்க்கிறாள்? அந்த மூத்த சிஸ்டரிடம் ஒன்று இருக்கிறது. ஸ்டோர் சாவி யாரிடம், சீஃப் (யூனிட்டின் தலைமை டாக்டர்) யாரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், சங்கத்தில் யார் பேச்சு எடுபடுகிறது, இதையெல்லாம் இரண்டு வாரம் வாயைத் திறக்காமல் பாருங்கள்.

1959இல் ஜான் ஃப்ரெஞ்ச், பெர்ட்ரம் ரேவன் என்ற இரண்டு உளவியலாளர்கள் அதிகாரம் எங்கெங்கிருந்து வருகிறது என்று ஐந்தாகப் பிரித்தார்கள்: பதவி, பரிசு தரும் சக்தி, தண்டிக்கும் சக்தி, அறிவும் திறமையும், அப்புறம் மற்றவர்கள் நம் மேல் வைத்திருக்கும் மதிப்பு. பின்னாளில் தகவல் என்று ஆறாவது ஒன்றையும் ரேவன் சேர்த்தார். நம் வார்டில் இதை வைத்துப் பார்த்தால் ஒன்று பளிச்சென்று தெரியும். இன்சார்ஜிடம் பதவி இருக்கிறது, பரிசும் தண்டனையும் டூட்டி லிஸ்ட் வழியாக இருக்கிறது. மதிப்பும் திறமையும் பெரும்பாலும் வேறு யாரிடமோ, இருபது வருஷமாக அதே வார்டில் நின்று, எந்தக் குழந்தைக்கும் ஒரே குத்தில் நரம்பைப் பிடிக்கிற அந்த அக்காவிடம் இருக்கிறது. அவர் சரி என்று சொல்லாத மாற்றம் நடக்காது. எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டார், செய்யவும் மாட்டார், அவரைப் பார்த்து மற்றவர்களும் செய்ய மாட்டார்கள்.

அதனால் முதல் பேச்சு அவரோடுதான். மீட்டிங்கில் வேண்டாம், தனியாக. அதுவும் முடிவெடுத்துவிட்டுப் போய் ஆதரவு கேட்பது போல் இருக்கக் கூடாது, ஏனென்றால் அது அவருக்கு உடனே தெரிந்துவிடும். "அக்கா, டூட்டி மாறும்போது எதெல்லாம் விட்டுப்போகுதுன்னு உங்களுக்குத்தான் தெரியும். இப்படி ஒண்ணு செஞ்சு பார்க்கலாமான்னு யோசிக்கிறேன், இதுல எங்க இடிக்கும்னு சொல்லுங்க." அவர் சொல்கிற நாலு குறையில் மூன்று நியாயமாக இருக்கும். அதைத் திட்டத்தில் சேர்த்துவிட்டு, சேர்த்ததை அவரிடமே போய்க் காட்டுங்கள்.

டூட்டி லிஸ்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இதில் எனக்குக் கோபம் உண்டு. நர்ஸிங்கில் இருக்கிற அதிகாரத்திலேயே மிகப் பெரியது டூட்டி லிஸ்ட்தான். தீபாவளிக்கு யாருக்கு ஆஃப், கைக்குழந்தை இருக்கிறவளுக்குத் தொடர்ந்து எத்தனை நைட், யாருடைய லீவு லெட்டர் மேசையிலேயே கிடக்கிறது, ஒரு பெண்ணின் மாதமே அந்த ஒரு தாளில் இருக்கிறது. புது வழக்கத்தை ஏற்காதவருக்கு நைட்டைக் கூட்டிப் போட்டு வழிக்குக் கொண்டுவருகிற இன்சார்ஜ்கள் இருக்கிறார்கள். அந்த வழி வேலை செய்வது போலத் தெரியும். கையெழுத்து விழும், டிக் விழும், உண்மை மட்டும் உங்கள் காதுக்கு வருவது நின்றுவிடும். ஒரு மாற்றத்தைத் தொடங்கும் மாதத்தில் டூட்டி லிஸ்ட் வழக்கத்தைவிட நியாயமாக இருக்கட்டும். எல்லோரும் பார்க்கிற இடத்தில் ஒட்டுங்கள், யார் கேட்டாலும் ஏன் இப்படிப் போட்டீர்கள் என்று விளக்க முடிகிற மாதிரி போடுங்கள். நம்பிக்கை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அப்புறம், ஒரே வார்டில் ஒரே யூனிஃபார்மில் இருந்தாலும் எல்லோருடைய காலடியும் ஒரே மாதிரி உறுதியாக இல்லை. தமிழ்நாட்டில் 2015இல் எம்ஆர்பி (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வு மூலம் ஆயிரக்கணக்கான செவிலியர்கள் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்தார்கள், 2017 நவம்பரில் பணி நிரந்தரம் கேட்டு சென்னையில் மருத்துவத் துறை இயக்குநரகம் இருக்கும் டிஎம்எஸ் வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். தனியார் மருத்துவமனையில் இடையில் வேலையை விட மாட்டேன் என்று பாண்டு எழுதிக் கொடுத்துவிட்டு, சான்றிதழையும் ஒப்படைத்துவிட்டு வேலை பார்க்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். இவர்கள் மீட்டிங்கில் தலையாட்டுவதை ஒப்புதல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வேலை போகும் என்று பயப்படுகிறவரிடம் கருத்து கேட்க வேண்டுமானால் பெயர் இல்லாத சீட்டில் கேளுங்கள், அல்லது அவர்கள் நம்புகிற ஒருவர் மூலமாகக் கேளுங்கள்.

வார்டின் குணத்தைப் படிப்பது

எட்கர் ஷெயின் என்ற அமெரிக்கப் பேராசிரியர் ஒரு நிறுவனத்தின் கலாச்சாரத்தை மூன்று அடுக்காகப் பார்த்தார். மேலே கண்ணுக்குத் தெரிவது, நடுவில் நாம் நம்புவதாகச் சொல்வது, அடியில் யாரும் சொல்லாமலே எல்லோரும் உண்மை என்று எடுத்துக்கொண்டிருப்பது. மருத்துவமனையில் மேல் அடுக்கு என்றால் போஸ்டர், பேட்ஜ், யூனிஃபார்ம். நடு அடுக்கு "நோயாளியே முதல்" என்று ரிசப்ஷனில் எழுதியிருப்பது. அடி அடுக்கைப் பார்க்க வேண்டுமானால் ஒரு தவறு நடந்த மறுநாள் காலை வார்டில் இருங்கள். ஆன்டிபயாடிக் ஒரு டோஸ் விட்டுப்போயிற்று என்று வைத்துக்கொள்வோம். முதல் கேள்வி "யார் டூட்டியில் இருந்தது?" என்று வருகிறதா, "எப்படி விட்டுப்போனது?" என்று வருகிறதா? பத்து நிமிஷத்தில் விளக்கக் கடிதம் கேட்கிறார்களா? கேஸ் ஷீட்டில் நேரத்தைத் திருத்தச் சொல்லி யாராவது மெதுவாகச் சொல்கிறார்களா? அந்த வார்டின் குணம் அவ்வளவுதான்.

1990களில் ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் மருத்துவமனை வார்டுகளில் மருந்துத் தவறுகளைப் பார்க்கப் போனார். நல்ல தலைமையும் நல்ல உறவும் இருக்கிற வார்டுகளில் தவறு குறைவாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தார். கணக்கில் அங்கேதான் அதிகமாக இருந்தது. ஏன் என்று துருவிப் பார்த்தபோது, அங்கே இருந்தவர்கள் தவறுகளை மறைக்காமல் சொல்கிறார்கள், மற்ற இடங்களில் பயந்து மறைக்கிறார்கள் என்ற முடிவுக்கு வந்தார். படுக்கையருகே ஹேண்ட் ஓவரை, எதற்கெடுத்தாலும் விளக்கக் கடிதம் கேட்கிற மெமோ கலாச்சாரம் இருக்கிற வார்டில் அப்படியே கொண்டுபோய் வைத்தால் என்ன ஆகும் என்று இதிலிருந்தே தெரியும். வருகிற சிஸ்டர் குறை கண்டுபிடிக்கிற போலீஸாக ஆகிவிடுவார், போகிற சிஸ்டர் தற்காத்துக்கொள்ளத் தொடங்குவார், ஒரு மாதத்தில் இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு ஸ்டேஷனிலேயே டிக் போட்டுவிடுவார்கள்.

ஆகவே தொடங்குவதற்கு முன்பே சூப்பரிண்டெண்டிடம் பேசி ஒரு உறுதியை வாங்குங்கள்: ஹேண்ட் ஓவரின்போது கண்டுபிடித்துச் சரிசெய்த விஷயத்துக்கு விளக்கக் கடிதம் கேட்கப்பட மாட்டாது. வாயால் சொன்னால் போதாது, ரிப்போர்ட் புக்கில் ஒரு வரி அவர் கையெழுத்தோடு இருக்கட்டும். வேண்டுமென்றே செய்த அலட்சியம், திருட்டு, பொய்ப் பதிவு இதற்குள் வராது என்பதையும் அதே வரியில் எழுதிவிடுங்கள். இந்த உறுதி கிடைக்கவில்லையென்றால் இந்த மாற்றத்தைத் தள்ளிவைத்துவிட்டு, உறுதி வாங்குவதையே முதல் மாற்றமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மூத்தவர்கள் இளையவர்களை நடத்தும் விதமும் இதோடு சேர்ந்ததுதான். டாக்டரிடம் வாங்கிய திட்டை ஸ்டாஃப் நர்ஸ் மேல் இறக்குவது, ஸ்டாஃப் நர்ஸ் அதை ஸ்டூடண்ட் மேல் இறக்குவது. மேலே திருப்பிக் கொடுக்க முடியாத கோபம் பக்கத்திலும் கீழேயும் பாய்கிறது என்று நர்ஸிங்கைப் பற்றி 1983இலேயே சூசன் ராபர்ட்ஸ் எழுதிவிட்டார். "நாங்களும் இப்படித்தான் கத்துக்கிட்டோம்" என்கிற பேச்சு இருக்கிற வார்டில் ஒரு ஜூனியர் "அக்கா, டிரெயின்ல ரத்தமா இருக்கு, இதைச் சொல்லவே இல்லையே" என்று கேட்க மாட்டாள். அவள் கேட்கிற மாதிரி வார்டு ஆகாமல் படுக்கையருகே நடப்பதில் அர்த்தமில்லை.

நேரத்தைக் கணக்குப் போடுங்கள்

இந்திய நர்ஸிங் கவுன்சில் நெறிப்படி போதனா மருத்துவமனையில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர், பொது மருத்துவமனையில் ஐந்துக்கு ஒருவர். நைட்டில் நாற்பது பேருக்கு இரண்டு பேர் நின்றவர்களுக்கு இந்தக் கணக்கின் தூரம் தெரியும். படுக்கைக்கு இரண்டு நிமிஷம் என்றாலே நாற்பது படுக்கைக்கு எண்பது நிமிஷம். நடக்கிற காரியமா? நடக்காது, அதனால் அப்படித் திட்டம் போடாதீர்கள். வார்டை இரண்டாகப் பிரித்து இரண்டு ஜோடியாகப் போங்கள். ஆபரேஷன் முடிந்து முதல் நாள், ஆக்ஸிஜனில் இருப்பவர், ரத்தம் ஏறிக்கொண்டிருப்பவர், இன்ஃப்யூஷன் பம்ப் ஓடுபவர், இன்று அட்மிஷன் ஆனவர், இவர்களிடம் நின்று முழுதாக. மற்றவர்களிடம் பெயரைக் கேட்டு, முகத்தைப் பார்த்து, கேனுலாவைப் பார்த்துவிட்டு நகரலாம்.

இதைவிடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது, அதை மீட்டிங்கில் யாரும் சொல்ல மாட்டார்கள்: பஸ். மாலை டூட்டி முடித்துவிட்டு ஊருக்குப் போகிற கடைசி டவுன் பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய சிஸ்டருக்குக் கால் மணி நேரம் தாமதமானால், அது கால் மணி அல்ல, இருட்டில் ஷேர் ஆட்டோவுக்குக் காத்து நிற்பது. காலையில் நைட் முடிந்தவருக்குப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் நேரம். கர்ட் லூவின் 1940களிலேயே சொன்ன ஒன்றை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். முன்னே தள்ளும் விசையைக் கூட்டினால் எதிர்விசையும் கூடும், இழுத்துப் பிடித்திருப்பதை எடுத்துவிட்டால் தானாக நகரும். போஸ்டர், வகுப்பு, எச்சரிக்கை எல்லாம் தள்ளுவது. பஸ் பிரச்சினையைத் தீர்ப்பது இழுத்துப் பிடிப்பதை எடுப்பது. போகிற டூட்டியில் ஒருவரைப் பதினைந்து நிமிஷம் முன்பே மற்ற வேலைகளிலிருந்து விடுவித்துத் தயார் செய்ய வைக்கலாம், ஊருக்குப் போகிறவரின் படுக்கைகளை முதலில் முடிக்கலாம், வருகிறவர்கள் தாமதமாக வருகிற பழக்கத்தை நிறுத்தலாம்.

ஒரு வேலையைச் சேர்க்கிறீர்கள் என்றால் ஒன்றை எடுங்கள். வார்டில் இருக்கிற ரிஜிஸ்டர்களை ஒருநாள் மேசை மேல் அடுக்கிப் பாருங்கள். ஒரே அட்மிஷனை எத்தனை இடத்தில் எழுதுகிறோம், ஒரே வைட்டல்ஸை (பிபி, பல்ஸ் போன்றவை) எத்தனை இடத்தில் நகல் எடுக்கிறோம் என்று கண்ணால் பார்த்தால் ஒன்றையாவது நிறுத்தலாம் என்று சூப்பரிண்டெண்டுக்கே தோன்றும். எந்த ரிஜிஸ்டரை யார் கேட்டார்கள் என்று விசாரித்தால் சிலவற்றுக்குப் பதிலே கிடைக்காது. அப்படி ஒன்றை நிறுத்தக் கடிதம் வாங்கிக் கொடுத்த இன்சார்ஜ் சொன்னால், அடுத்த ஆறு மாதம் வார்டு எதையும் செய்து பார்க்கும்.

"வேண்டாம்" என்பவரிடம்

எதிர்க்கிறவர்களில் சத்தமாக எதிர்க்கிறவர் உங்களுக்கு நன்மை செய்கிறார். மற்றவர்கள் சாப்பிடும் அறையில் பேசுவதை அவர் உங்கள் முகத்துக்கு நேரே சொல்கிறார். "இதெல்லாம் என்ஏபிஎச் வர்றப்போ செஞ்சு பார்த்தாச்சு, ஒரு மாசத்துல போயிடுச்சு" என்று மருத்துவமனைத் தரச் சான்றுக்காக (என்ஏபிஎச்) நடந்ததை ஒருவர் சொன்னால், ஏன் போயிற்று என்று உட்கார்ந்து கேளுங்கள். அவரிடம் இருப்பது பழைய வரலாறு, அது உங்களுக்கு வேண்டும். சிலருக்கு உண்மையான பயம் இருக்கும். நோயாளி முன்னால் பேசும்போது ஏதாவது தெரியாமல் போனால் அசிங்கமாகிவிடும் என்ற பயம், படித்து வெகுநாள் ஆன மூத்தவர்களுக்கு இது அதிகம். அவர்களை முதல் வாரம் நன்றாகத் தெரிந்தவரோடு ஜோடியாகப் போடுங்கள், ஏன் என்று வெளியே சொல்ல வேண்டாம். வேறு சிலருக்கு ஒரு சௌகரியம் போகிறது: சீக்கிரம் கிளம்புவது, செய்யாததை ரிப்போர்ட் புக்கில் செய்ததாக எழுதுவது. இவர்களோடு விவாதம் தேவையில்லை. தனியாகக் கூப்பிட்டு, மரியாதையாக, தெளிவாக ஒருமுறை சொல்லிவிடுங்கள். எல்லோரையும் சம்மதிக்க வைத்துவிட்டுத்தான் தொடங்குவேன் என்று காத்திருந்தால் எதுவும் தொடங்காது.

டாக்டர்கள்

படுக்கையருகே நின்று பார்த்தால் சிஸ்டர்களுக்கு நிறையத் தெரிய வரும். தெரிந்ததை யாரிடம் எப்படிச் சொல்வது என்பது அடுத்த மலை. 1967இல் லெனார்ட் ஸ்டெய்ன் என்ற மனநல மருத்துவர், டாக்டரும் நர்ஸும் ஆடுகிற ஒரு ஆட்டத்தைப் பற்றி எழுதினார். நர்ஸ் ஆலோசனை சொல்வாள், ஆனால் சொன்னது போலத் தெரியக் கூடாது. டாக்டர் அதைக் கேட்டுச் செய்வார், ஆனால் கேட்டது போலத் தெரியக் கூடாது. அமெரிக்காவில் எழுதப்பட்டதுதான், ஆனாலும் "சார், 14ஆம் பெட் பேஷண்டுக்கு பிபி கொஞ்சம் கம்மியா இருக்கு சார்..." என்று இழுத்துவிட்டு மறுமுனையில் என்ன சொல்வார்களோ என்று காத்திருக்கிற எந்த சிஸ்டருக்கும் இந்த ஆட்டம் தெரியும். இதில் தூக்கக் கலக்கத்தில் இருக்கிற பிஜி (மேற்படிப்பு படிக்கிற டாக்டர்) "சரி, பார்க்கிறேன்" என்று ஃபோனை வைத்துவிட்டால், நோயாளிக்கு ஒரு மணி நேரம் போய்விடும்.

டாக்டரிடம் நிலைமையைச் சொல்வதற்கான எஸ்பார் (SBAR) முறையைப் பலரும் வகுப்பில் படித்திருப்போம். அமெரிக்கக் கடற்படையின் அணு நீர்மூழ்கிக் கப்பல்களில் இருந்த பேச்சு முறை, 2000களின் தொடக்கத்தில் கைசர் பெர்மனென்ட்டே மருத்துவமனைகள் வழியாக மருத்துவத்துக்குள் வந்தது. நிலைமை, பின்னணி, என் கணிப்பு, எனக்கு வேண்டியது. இதைத் தாளாக ஒட்டாமல் வாயால் பழக்குங்கள்:

"சார், ஃபீமேல் சர்ஜிக்கல் வார்டு சிஸ்டர் பேசுறேன். 14ஆம் பெட் அம்மாவுக்கு பிபி 90/60க்கு வந்துடுச்சு, பல்ஸ் 120. மதியம் குடல் ஆபரேஷன் முடிஞ்சு வந்தவங்க. ரெண்டு மணி நேரத்துல யூரின் 20 எம்எல்தான், டிரெயின்ல ரத்தமா வருது. உள்ளே ரத்தக் கசிவு இருக்குமோன்னு எனக்குத் தோணுது. நீங்க இப்பவே வந்து பார்க்கணும். வர்றதுக்குள்ள நான் என்ன ஆரம்பிக்கட்டும்?"

கடைசி மூன்று வாக்கியங்களைச் சொல்லத்தான் நாக்கு எழாது. "உங்களுக்கு என்ன தெரியும்?" என்ற பதில் வரும் என்ற பயம். அதனால் இதை டீ நேரத்தில் இரண்டிரண்டு பேராகச் சொல்லிப் பழகுங்கள், ஒருவர் எரிச்சலான டாக்டராக நடிக்கட்டும். பதில் சரியாக வரவில்லையென்றால் அடுத்த படி: "சார், எனக்கு இது கவலையா இருக்கு." அதற்கும் அசையவில்லையென்றால்: "இப்படியே விடுறது பேஷண்டுக்கு ஆபத்து, நான் அசிஸ்டெண்ட் சாருக்குச் சொல்றேன்." அசிஸ்டெண்ட் என்பவர் பிஜிக்கு மேலே இருக்கிற டாக்டர். இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்கிறவளுக்குப் பின்னால் நீங்கள் நிற்பீர்கள் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். யாருக்குப் பிறகு யாரைக் கூப்பிடலாம் என்ற வரிசை, எண்களோடு, சீஃபின் கையெழுத்தோடு ஃபோனுக்குப் பக்கத்தில் இருக்கட்டும்.

அந்தக் கையெழுத்துக்கு எவ்வளவு பலம் என்பதற்கு ஒரு நிஜக் கதை உண்டு. 2001இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பீட்டர் புரோனவோஸ்ட் என்ற ஐசியூ மருத்துவர், சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக் குழாய்க்குள் விடும் குழாய்) போடுவதற்கு ஐந்தே ஐந்து படிகள் எழுதினார்: கை கழுவுதல், கிருமிநாசினி, முழு உடல் மூடும் துணி, தொடைப் பக்கத்தைத் தவிர்த்தல், தேவையில்லாத லைனை எடுத்தல். டாக்டர் ஒரு படியை விட்டால் நர்ஸ் நிறுத்தச் சொல்லலாம், நிர்வாகம் நர்ஸின் பக்கம் நிற்கும் என்றும் ஏற்பாடு செய்தார். பின்னர் மிஷிகன் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஐசியூக்களில் இது நடந்தபோது ரத்தத் தொற்று 66 சதவீதம் வரை குறைந்ததாக 2006இல் வெளியிட்டார்கள். அந்த ஐந்து படியும் எல்லா டாக்டருக்கும் முன்பே தெரிந்தவைதான். புதிதாக வந்தது நர்ஸுக்குக் கிடைத்த, மேலிடம் காப்பாற்றிய, "நிறுத்துங்கள்" என்ற சொல்.

உங்கள் வார்டில் எல்லா டாக்டர்களையும் மாற்ற வேண்டாம். சிஸ்டர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிற ஒரு அசிஸ்டெண்ட் எல்லா யூனிட்டிலும் இருப்பார். அவர் ரவுண்ட்ஸில் "சிஸ்டர், ஹேண்ட் ஓவர்ல என்ன பார்த்தீங்க?" என்று ஒருமுறை எல்லோர் முன்னாலும் கேட்டால் போதும், ஹவுஸ் சர்ஜன்கள் (பயிற்சி டாக்டர்கள்) கற்றுக்கொள்வார்கள். அப்படிக் கேட்கச் சொல்லி அவரிடம் முன்பே சொல்லிவைப்பதில் தப்பே இல்லை.

தொடங்குகிற வாரம்

முழு வார்டிலும் வேண்டாம், ஆறு படுக்கை, ஒரே டூட்டி மாற்றம், ஒரு வாரம். மதியம் மாறுகிற நேரம் நல்லது, ஆட்கள் அதிகம், நீங்களும் இருப்பீர்கள். அந்த வாரம் தினமும் நீங்களே கூட நடங்கள், ஆனால் பேசாதீர்கள். வாரக் கடைசியில் எது இடித்தது என்று கேட்டு மாற்றுங்கள், மாற்றியது யார் யோசனை என்று பெயரோடு சொல்லுங்கள்.

திறந்த வார்டில் கவனிக்க வேண்டியது நோயாளியின் அந்தரங்கம். பக்கத்துப் படுக்கைக்குத் துணைக்கு இருக்கும் உறவினரின் காது அங்கேதான் இருக்கும். எச்ஐவி நிலையை ஒருபோதும் படுக்கையருகே சொல்லக் கூடாது, 2017ஆம் ஆண்டின் எச்ஐவி எய்ட்ஸ் சட்டமே அதை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. கருக்கலைப்பு, விஷம் குடித்து வந்த கேஸ், வீட்டில் அடிபட்டு வந்த பெண், குடும்பத்துக்கே இன்னும் சொல்லாத புற்றுநோய், இவற்றை ஸ்டேஷனில் தாழ்ந்த குரலில் முடித்துவிட்டுப் படுக்கையருகே கண்ணால் பார்ப்பதை மட்டும் பாருங்கள். நோயாளியிடம் "அம்மா, இனி ராத்திரி வரைக்கும் இவங்கதான் உங்களைப் பார்த்துப்பாங்க, ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்பதைத் திட்டத்திலேயே வையுங்கள். எத்தனை மாத்திரை கொடுக்கப்படாமல் இருந்தது என்பதைப் பல நேரம் அவர்கள்தான் சொல்வார்கள்.

எண்ணிக்கையும் வேண்டும், ஆனால் ஒன்றிரண்டு போதும். ஹேண்ட் ஓவரில் கண்டுபிடித்துச் சரிசெய்தவை எத்தனை, ஹேண்ட் ஓவர் முடிய எத்தனை மணி ஆயிற்று. பெயர் எழுத வேண்டாம். கண்டுபிடித்த எண் கூடினால் பாராட்டுங்கள்.

நிற்க வைப்பது

உத்தரப் பிரதேசத்தில் 120 அரசு மருத்துவ நிலையங்களில், பிரசவ அறைச் சரிபார்ப்புப் பட்டியலை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது, 2017இல் முடிவு வந்தது. கூடவே பயிற்சியாளர்கள் வந்து பிரசவ அறையில் நின்று சொல்லிக் கொடுத்தார்கள். தொடங்கி இரண்டாம் மாதத்தில் செய்ய வேண்டிய முக்கியக் காரியங்களில் 73 சதவீதம் நடந்தது, பயிற்சி இல்லாத இடங்களில் 42. பயிற்சியாளர்கள் போன பிறகு, பன்னிரண்டாம் மாதத்தில், 62க்கு இறங்கிவிட்டது. தாய்சேய் இறப்பில் வித்தியாசம் தெரியவில்லை. இதை நான் சோர்ந்துபோகச் சொல்லவில்லை. கூட நிற்கிறவர் போனால் இறங்கும் என்பதும், நல்ல பட்டியல் இருந்தாலும் மருந்தும் ஆளும் மேல் சிகிச்சை வசதியும் இல்லாவிட்டால் உயிர் தங்காது என்பதும் மேலதிகாரிகளிடம் பேசும்போது உங்கள் கையில் இருக்க வேண்டிய எண்கள். அறுவை சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலும் அப்படித்தான். டெல்லி உட்பட எட்டு நகரங்களில் ஈடுபாட்டோடு செய்து பார்த்தபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8க்கு வந்தது என்று 2009இல் வந்தது. கனடாவின் ஒன்டாரியோவில் 101 மருத்துவமனைகளில் நடைமுறைக்கு வந்த பிறகு பார்த்ததில் சொல்லும்படி குறையவில்லை என்று 2014இல் வந்தது. காரணம் பற்றி இன்னும் விவாதம் உண்டு. உத்தரவால் வந்த டிக் வேறு, நின்று பேசிச் செய்வது வேறு என்பது என் கட்சி.

ஆறு மாதத்துக்குள் இதை உங்கள் கையிலிருந்து எடுத்து வார்டின் கையில் கொடுத்துவிடுங்கள். புதிதாகச் சேருகிற சிஸ்டருக்கு இதைச் சொல்லிக் கொடுப்பது முதலில் தயங்கிய அந்த மூத்த அக்காவாக இருக்கட்டும். ஸ்டூடண்ட்கள் வரும் வார்டென்றால் டியூட்டரிடம் பேசுங்கள், அவர்கள் பரீட்சைக்குப் படிப்பதும் இங்கே பார்ப்பதும் ஒன்றாக இருந்தால் அதுவே பெரிய காவல்.

உங்களுக்கு டிரான்ஸ்ஃபர் வந்தால், அரசுப் பணியில் இடமாறுதல் கவுன்சலிங் வந்தால் எப்போது வேண்டுமானாலும் வரும், இரண்டு பக்கம் எழுதி வைத்துவிட்டுப் போங்கள். என்ன செய்கிறோம், எந்த ரிஜிஸ்டரை நிறுத்தினோம், அதற்கான கடிதம் எந்த ஃபைலில், எந்த டாக்டர் துணை நிற்பார், யாருடைய படுக்கைகளை ஏன் முதலில் முடிக்கிறோம். புது இன்சார்ஜ் தன் போக்கில் சிலதை மாற்றத்தான் செய்வார், மாற்றட்டும். கடைசி பஸ்ஸுக்காகப் போட்ட அந்த வரிசையை மட்டும், மாலை டூட்டி சிஸ்டர்களைக் கேட்காமல் கலைக்க வேண்டாம் என்று நேரில் சொல்லிவிட்டுப் போங்கள்.